செந்தூலில் வாடகை வீட்டுக்கு 4,550 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன், கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) புதிதாக வருகிறவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரி வரைக்கும் பணம் வந்துவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இன்று காலை அந்த வீட்டு ஏஜென்ட் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 4,550 வெள்ளி. கை நடுங்குகிறது, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். வீடு எடுக்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. கோலாலம்பூரில் ஒரு மொழி மையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏமன், லிபியா, சீனா என்று பல இடங்களிலிருந்து இங்கே பல்கலைக்கழகத்தில் சேர வந்திருக்கும் பிள்ளைகள். மையம் கொடுத்த அறையில் மூன்று பேர், ஒரே குளியலறை. ஒருத்தி விடிய விடிய ஊருக்கு வீடியோ காலில் பேசுவாள். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாடகை வீடு தேடும் ஒரு செயலியில் தேட ஆரம்பித்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏற்கெனவே எனக்கு இருக்கும் தலைவலி போதும்.

கோலாலம்பூர் செந்தூல் பகுதியில் ஒரு காண்டோ (அடுக்குமாடி), ஒற்றை அறை வீடு, மாதம் 1,300. ஜன்னலில் நீலத் திரை, அதற்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதில் நான் உட்கார்ந்து நோட்டு திருத்துவது போலவே தெரிந்தது. எல்ஆர்டி நகர ரயிலில் ஏறினால் ஊர் நடுவில் இருக்கும் மஸ்ஜித் ஜாமெக் வரை வண்டி மாற வேண்டியதில்லை. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து பார்க்கப் போனேன்.

ஏஜென்டுக்கு நாற்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி. பார்த்தவுடன் "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதத்தில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட முதல் ஆள். வீடு போட்டோவில் பார்த்த மாதிரியே சுத்தமாக இருந்தது, மெத்தை விரிப்பில் மடிப்புகூடக் கலையவில்லை. (அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் யார் தினம் மெத்தை விரிப்பார்கள்?) அப்புறம் கீழே மாமாக் கடைக்கு (இங்கே தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை அப்படித்தான் சொல்வார்கள்) அழைத்துப்போய் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீ, வாங்கிக் கொடுத்தார். "எங்க தாத்தாகூட உங்க பக்கம்தான் மா, அம்பாசமுத்திரம். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்ட வந்தாரு" என்றார். எங்கள் ஆச்சி ஊரும் அம்பாசமுத்திரம்தான். அதை நான்தான் பத்து நிமிடத்துக்கு முன்னால் அவரிடம் சொல்லியிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இரண்டு மாத டெபாசிட் 2,600, தண்ணீர் கரண்ட்டுக்கு என்று அரை மாதம் 650, முதல் மாத வாடகை 1,300. மொத்தம் 4,550. இங்கே இதுதான் வழக்கம், அதில் பொய்யில்லை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டு என்னை அழவிட்ட வீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இரண்டரை மாதம் என்பது தர்மம் மாதிரி இருந்தது. "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வராங்க லா, உங்களுக்காகத்தான் புடிச்சி வெச்சிருக்கேன்" என்றார். அந்த மேசையிலேயே போனை எடுத்து அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். கம்பெனிக் கணக்குக்கு இல்லை, சொந்தக் கணக்குக்கு. ஏன் என்று கேட்டதற்கு "ஆபீஸ் கணக்குன்னா திங்கக்கிழமைதான் மா ஏறும்" என்றார். சரி என்றேன்.

ஒரு பக்க ரசீது கொடுத்தார், ஆங்கிலத்தில். அன்று காலையில்தான் பிள்ளைகளுக்கு 'மே', 'ஷால்', 'மஸ்ட்' மூன்றுக்கும் வித்தியாசம் சொல்லி, போர்டில் கோடு போட்டு, ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளக் கத்தியிருந்தேன். ரசீதில் கடைசி வரி, 'த ஏஜென்ட் மே ரீஃபண்ட்'. அதாவது திருப்பித் தரலாம், தந்தாக வேண்டும் என்று இல்லை. படித்தேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆங்கில டீச்சராம்!

சாவி தருவதாகச் சொன்ன நாள் தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால். இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர், காரில் வந்து இறங்கினால் ஆள் இல்லை, போனும் எடுக்கவில்லை. காண்டோ வாசலில் காவல் அறையில் இருந்த நேபாளத் தம்பி என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு எந்த யூனிட் என்று கேட்டார். 13ஏ மாடி, நம்பரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அது நாள் வாடகைக்கு விடுகிற வீடு அக்கா, தினம் ஒருத்தர் வருவார் போவார் என்றார். எனக்கு வீடு காட்டியவரும் அப்படி ஒரு நாளைக்கு எடுத்து வந்தவர்தானாம். எனக்கு அப்போதும் புரியவில்லை. அந்த ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு காவல் அறை வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு குரல் செய்தி வந்தது. ஓனர் ஈப்போ சீனர், டேட் மாற்றி எழுதிவிட்டார், தைப்பூசம் முடியட்டும் என்று. பணத்தையே திருப்பித் தாருங்கள் என்றேன். தைப்பூசத்தன்று இன்னொரு குரல் செய்தி, பின்னால் உறுமிச் சத்தம் கேட்கிறது, "பத்துமலையில நிக்கறேன் மா, முருகன் மேல சத்தியமா திங்கக்கிழமை காசு வந்துரும்". திங்கட்கிழமை போய் அடுத்த திங்கட்கிழமையும் போனது. அப்புறம் சீனப் புத்தாண்டு, எல்லா ஆபீசும் மூடியிருக்கு. அது முடிந்ததும் நோன்பு மாதம், ஓனர் ஹாஜியார், நோன்பு நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாதாம். ஈப்போ சீனர் மூன்றே வாரத்தில் ஹாஜியார் ஆகிவிட்டார்! அதைக் கேட்டேன். அதற்குத்தான் பிளாக்.

செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தால் முதலில் ஒரு ரோபோ பேசியது, 7 வேலை நாள் என்றது. எட்டாம் நாள் ஒரு ஆள் எழுதினார்: நாங்கள் விளம்பரம் போட இடம் தருகிறோம், அவ்வளவுதான். வங்கியில், நீங்களே அனுப்பியதுதானே மேடம் என்றார்கள். காவல் நிலையத்தில் முதல் நாள், ஆள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார், பேசிப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இன்று போய்ப் புகாரைப் பதிவு செய்தே விட்டேன். 4,550 வெள்ளி, நம்ம ஊர்க் காசில் தொண்ணூறாயிரத்துக்கு மேல். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் மையத்தில் வரவேற்பில் இருக்கும் அக்கா, இந்த ஊர்க்காரர், கேட்ட முதல் கேள்வி "ரென் நம்பர் கேக்கலையா மா?" என்பதுதான். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முறையாக வீடு பிடித்துக் கொடுக்கிறவர்களுக்கு அந்த எண் போட்ட அடையாள அட்டை உண்டு, வீட்டு ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும் கம்பெனியும் வரும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, ஆறு மணி வகுப்பு இருக்கிறது. அந்த எண்ணைக் கேளுங்கள். சொந்தக் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். மோசடிப் புகார் உள்ள வங்கிக் கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள், நான் பணம் போன பிறகு போட்டேன், ஏற்கெனவே 3 புகார். பணம் போனால் அன்றைக்கே மோசடிப் புகாருக்கான 997-ஐக் கூப்பிடுங்கள், என்னை மாதிரி முருகன் மேல் சத்தியத்தை நம்பி நாலு வாரம் உட்கார்ந்திருக்காதீர்கள். காவல் அறையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள், அவர்களுக்கு எல்லாம் தெரிகிறது.

இதை எழுதிக்கொண்டே அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். வேறு பெயரில் விளம்பரம் திரும்ப வந்திருக்கிறது. அதே நீலத் திரை, அதே மேசை. வாடகை இப்போது 1,250.