ஞாயிறு தேர்வு வகுப்பு: விடைத்தாள் குறிப்புக்காகச் சேரலாம், தரவரிசைப் பட்டியல்தான் இடறுகிறது

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக எங்கள் பகுதித் தனிப்பயிற்சி மையம் ஒன்று நடத்தும் ஞாயிறு தேர்வு வகுப்பில் என் மகள் இவ்வாண்டு படிக்கிறாள். மாதக் கட்டணம் 1,200 ரூபாய். வினாத்தாள் அரசுத் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. கணிதத்தில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் தொடங்கி வடிவியல், வரைபடம் ஆகிய எட்டு மதிப்பெண் வினாக்கள் வரை எதுவும் விடுபடுவதில்லை. இதை வேறு மையங்களும் தருகின்றன.

இம்மையத்தின் தனிச்சிறப்பு கணித ஆசிரியை திருத்தித் தரும் விடைத்தாள்தான். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலத்தை வகுத்தல் முறையில் காணும் கணக்கில் என் மகள் தடுமாறியபோது, அவர் விடையின் குறுக்கே கோடிழுத்துவிட்டுப் போகாமல், "இரண்டாம் படி வரை சரி, கழிக்கும்போது குறியை மாற்றவில்லை, இதே வகையில் இரண்டு கணக்குகள் போட்டுக் காட்டு" என்று எழுதியிருந்தார். அன்று மாலையே அவள் நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். பிழை எங்கே, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பது தெரிந்துவிட்டால், பிள்ளைகளை யாரும் பக்கத்தில் இருந்து விரட்ட வேண்டியிருப்பதில்லை. அறிவியல் தாளில் 'நன்று', 'கவனம் தேவை' என்பவற்றுக்கு மேல் எதுவும் இருப்பதில்லை. அதை அவள் மறுமுறை புரட்டுவதும் இல்லை.

குறை, விடைத்தாள் கைக்கு வருவதற்கு முன்பே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வெளியாகும் தரவரிசைப் பட்டியல். மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசே 2017இல் கைவிட்ட பின்னும், முப்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பில் அது தொடர்வது வியப்பளிக்கிறது. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்து நின்றன; மதிப்பெண்ணோடு சேர்த்துக் குறிப்பைப் பெற்றவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களில் முன்னணி மாணவர்களின் ஆர்வம் குறையவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பட்டியலால் பாதிக்கப்படுபவர்கள் கீழ்ப்பாதியில் இருப்பவர்கள்தாம் என்பதையே இங்கும் காண்கிறேன். இருபதாம் இடத்தைப் பார்த்துவிட்ட பிள்ளை, அதே தாளில் ஆசிரியை எழுதிய நான்கு வரிகளைப் படிக்கும் மனநிலையில் இருப்பதில்லை.

பட்டியலை நிறுத்தும்படி பொறுப்பாளரிடம் கேட்டபோது, பெற்றோர்தாம் அதைக் கேட்கிறார்கள் என்றார். எங்கள் குழுவில் ஞாயிறு இரவு வந்து குவியும் விசாரிப்புகளைப் பார்த்தால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

கணிதத்திற்கு மட்டும் சேர்க்க விரும்புவோர் தயங்காமல் சேர்க்கலாம். அறிவியலுக்கு வேறிடம் பார்ப்பது நல்லது. சேர்க்கும்போதே, பிள்ளையின் பெயரைப் பட்டியலில் இட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேட்டவர்களுக்கு அந்தச் சலுகையை அளிக்கிறார்கள்.