மஞ்சள் கார்டு என்று வெறும் தாளைக் கொடுத்து ஏமாற்றினார்கள்

தங்கைக்குப் பிரசவம். மாப்பிள்ளைக்கு வேலை நடு ஆப்பிரிக்காவில். அம்மாவை அனுப்பிவைக்கும் பொறுப்பு என்னுடையது. டிக்கெட், விசா, தடுப்பூசி எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஒரு டிராவல் ஏஜென்சியில் சொன்னார்கள். மொத்தமாகப் பணம் கட்டினேன்.

அந்தப் பக்கத்து நாடுகள் பலவற்றில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் கார்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். (மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசு கடித்துப் பரவும் வைரஸ் காய்ச்சல். ஹெபடைடிஸ் ஊசிதான் போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள்.) ஏஜென்ட் சொன்னார்: "அம்மாவுக்கு 64 வயசு. ஊசி போட்டா உடம்பு தாங்காது சார். கார்டு மட்டும் வாங்கித் தர்றேன், அது போதும்." அக்கறையாகத்தான் பேசினார். அம்மாவுக்கும் ஊசி என்றால் பயம். சரி என்றுவிட்டேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் கார்டைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். அம்மாவின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, யாரோ ஒருவரின் கையெழுத்து இருந்தது. தடுப்பூசியின் பேட்ச் எண் எழுதவேண்டிய கட்டம் காலி. அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் முத்திரைக்குப் பதிலாக ஏதோ ஒரு கிளினிக்கின் ரப்பர் ஸ்டாம்ப். ஊசி போட்டதாக எழுதியிருந்த நாளும் ஆறு நாளைக்கு முந்தையதுதான். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் கார்டு செல்லும். அம்மாவை ஏற்ற மறுத்துவிட்டார்கள். பேரக்குழந்தைக்குத் தைத்த சட்டைகள் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒன்றும் பேசாமல் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி மையத்துக்கே கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் ஊசியை எடுப்பதற்கு முன்பு நிறையக் கேட்டார். முட்டை ஒத்துக்கொள்ளுமா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா, புற்றுநோய்க்குச் சிகிச்சை ஏதாவது நடந்ததா. இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸைக் கொண்ட ஊசி. 60 வயதைத் தாண்டி முதல்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். ஆக, ஏஜென்ட் வயதைச் சொல்லிப் பயமுறுத்தியதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கிறது. அதை வைத்துத்தான் எங்களை ஏமாற்றியிருக்கிறார். உண்மையிலேயே ஊசி ஆகாதவர்களுக்கு மருத்துவர் காரணம் எழுதி விலக்குச் சான்று கொடுப்பார். அதை ஏற்பதா வேண்டாமா என்பது போகிற நாட்டின் முடிவு. அம்மாவுக்குப் போடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். போட்டோம். லேசான உடம்புவலியோடு போயிற்று. 2016 ஜூலைக்குப் பிறகு இந்தச் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும்.

அப்புறம், ஏஜென்சியில் கொடுத்த மலேரியா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டினேன். குளோரோகுயின். பெயர்ச்சீட்டு ஒட்டாத ஒரு கவரில் போட்டு, "ஊர் திரும்பினதும் நிறுத்திடுங்க" என்று சொல்லித் தந்திருந்தார்கள். எனக்கு உண்மையில் நடுக்கம் வந்தது அப்போதுதான். அங்கே பரவும் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா குளோரோகுயினுக்கு அடங்காதாம். திரும்பியதும் நிறுத்துவதும் தவறு. அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த அடோவாக்குவோன்-புரோகுவானிலைக் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 7 நாள் சாப்பிடவேண்டும். டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் போன்ற வேறு மலேரியா மாத்திரைகள் என்றால் திரும்பிய பிறகு 4 வாரம். கார்டு செல்லாமல் போனதால் டிக்கெட் பணம்தான் போனது. இந்த மாத்திரையை நம்பி அம்மா போயிருந்தால்?

கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே பயண மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் நேரில் போய்விடுங்கள். மற்ற ஊசிகளுக்கும் நாள் வேண்டும். டைபாய்டு ஊசியையே இரண்டு வாரம் முன்னதாகப் போடச் சொல்கிறார்கள். கார்டைக் கையில் வாங்கியதும் பேட்ச் எண், முத்திரை, தேதி மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள். ஊசி போடாமல் கார்டு தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஏஜென்சிக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.