ஆரிஜின்ஸா, ஒடிஸியா: முதலில் எதை ஆடுவது?

வீடியோ கேமில் பழங்கால நாகரிகம் ஒன்றுக்குள் இறங்கி இஷ்டம்போல் சுற்ற வேண்டும் என்றால் இன்றைக்கும் முதலில் வரும் பெயர்கள் இரண்டுதான். ஒன்று, 2017 அக்டோபரில் வந்த அசாசின்ஸ் க்ரீட் ஆரிஜின்ஸ். மற்றது, சரியாக அடுத்த அக்டோபரில் வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி. பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் தள்ளுபடி நாட்களில் இரண்டும் அடிமாட்டு விலைக்கே கிடைக்கும். ஆகவே யோசிக்க வேண்டியது நேரத்தைத்தான். பக்கவாட்டு வேலைகளை விட்டுவிட்டுக் கதையை மட்டும் முடிக்கவே ஆரிஜின்ஸுக்குச் சுமார் 30 மணி நேரம், ஒடிஸிக்குச் சுமார் 45. ஓ.எம்.ஆரில் வேலை முடித்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடக் கிடைப்பவருக்கு இது மாதக்கணக்கு. அப்படிப்பட்டவர் ஆரிஜின்ஸில்தான் தொடங்க வேண்டும். நேரம் தவிர வேறு காரணங்களும் உண்டு.

முதலில் நிலம். ஆரிஜின்ஸ் கி.மு. 49-இல் சிவா பாலைவனச் சோலையில் தொடங்குகிறது. டாலமி வம்சத்தின் கடைசிக் காலம். கிளியோபாட்ராவும் அவள் தம்பி 13-ஆம் டாலமியும் அரியணைக்கு மோதிக்கொண்டிருக்கிறார்கள், சீசர் வந்து சேரப் போகிறார். அலெக்ஸாண்ட்ரியாவில் கிரேக்கத் தூண்கள், மெம்பிஸில் எகிப்தியக் கோயில்கள், காவல் முகாம்களில் ரோமானியர்கள் என ஒரே நாட்டுக்குள் மூன்று உலகங்கள். குதிரையில் போகும்போதே சுவர், உடை, பேச்சு எல்லாம் மாறுவது கண்ணில் படும். கீசாவில் குஃபுவின் பிரமிடுக்குள் தீப்பந்தத்தோடு நுழைந்து பாருங்கள். குனிந்து போகும் குறுகிய வழி திடீரென்று உயர்ந்த சாய்வு மண்டபமாகத் திறக்கும், அதற்கு மேலே மன்னரின் அறை. இதுவரை நிஜப் பிரமிடிலும் உள்ளதே. அதையும் தாண்டிச் சில மறைவான அறைகள் வரும். அவை பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான்-பியர் ஊதானின் கருதுகோளை வைத்து அமைத்தவை, நிரூபணமானவை அல்ல. இது தெரிந்து பார்த்தால் சுவை கூடும்.

தமிழ் வாசகருக்கு ஒரு குறை தட்டும். தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்த பெரனிகே, குசைர் அல்-கதீம் ஆகிய செங்கடல் துறைமுகங்கள் வரைபடத்தில் இல்லை. சினாய்க்குப் போகும் கூடுதல் அத்தியாயமான தி ஹிடன் ஒன்ஸிலும் இல்லை. நம் வணிகர்கள் கால்வைத்த கரையை அந்தத் தரத்தில் பார்க்கக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஒடிஸியின் காலம் கி.மு. 431, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதும் பெலோபொனீசியப் போரின் தொடக்கம். கோயில்களும் சிலைகளும் வெள்ளைப் பளிங்காக நிற்காமல் அன்றைக்கு இருந்தபடி வண்ணம் பூசி நிற்கின்றன. அதற்காகவே ஏதென்ஸ் கோட்டைமேட்டில் அரை மணி நேரம் சும்மா நடக்கலாம். பெரிக்ளீஸ், சாக்ரடீஸ், ஹெரடோட்டஸ், ஹிப்போகிரட்டீஸ் எல்லோரும் பேசக் கிடைப்பார்கள். ஆனால் வரைபடத்தில் பெரும்பகுதி கடல். தீவுக்குத் தீவு ஒரே மாதிரிக் கோட்டை, ஒரே மாதிரிக் குகை என்ற உணர்வு பாதி வழியில் வந்துவிடும். ஆரிஜின்ஸில் அந்தச் சலிப்பு குறைவு.

ஒடிஸி தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: உரையாடலும் முடிவெடுப்பும். கஸாண்ட்ரா அல்லது அலெக்ஸியோஸ் என்று நாயகரைத் தேர்ந்தெடுக்கலாம் (கஸாண்ட்ராவையே எடுங்கள், குரல் நடிப்பு ஒரு படி மேல்). கெஃபலோனியா தீவில் ஆட்டம் தொடங்கிய சில மணி நேரத்திலேயே, கொள்ளைநோய் பிடித்த ஒரு குடும்பத்தைப் பூசாரிகள் கொல்லப் போகிறார்கள். தடுக்கலாம், விட்டுவிடலாம். இரக்கப்பட்டுக் காப்பாற்றிவிட்டு வெகுநாள் கழித்துத் திரும்பி வந்தால் தீவே நோயில் கிடக்கும். ஆரிஜின்ஸில் நாயகன் பாயெக்கின் கதை ஒரே தடத்தில் ஓடும். மகனை இழந்த தகப்பனின் கதை என்பதால் அழுத்தம் அதிகம்தான், ஆனால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. பேச்சும் கிளைக்கதையும்தான் முக்கியம் என்பவர் தயங்காமல் ஒடிஸியில் தொடங்கலாம். தேர்வு வரும் இடத்துக்கு முன்னால் தனியாக ஒரு சேவ் போட்டு வையுங்கள், ஆட்டோசேவை நம்ப வேண்டாம்.

சண்டையில் இரண்டுக்கும் அடிப்படையே வேறு. ஆரிஜின்ஸில் கையில் கேடயம் உண்டு. கேடயத்தைத் தூக்கி நின்று, எதிரி அசரும்போது வெட்டும் நிதானமான முறை. எதிரியின் அடியைத் தட்டிவிடும் எதிர்த்தடுப்பு முதலில் கிடையாது, திறன் புள்ளி செலவழித்து வாங்க வேண்டும், அதைச் சீக்கிரமே வாங்கிவிடுங்கள். ஒடிஸியில் கேடயமே இல்லை. வரும் அடியைச் சரியான நொடியில் தட்டிவிட வேண்டும். சிவப்பாக மின்னும் அடியைத் தட்ட முடியாது, உருண்டு விலகத்தான் வேண்டும். ஆரிஜின்ஸ் பழக்கத்தில் கேடயம் இருப்பதாக நினைத்து நிற்பவர்கள்தான் முதல் சில மணி நேரம் செத்துச் செத்து விழுகிறார்கள். உயிரை மீட்கும் செகண்ட் விண்ட் திறனை முதலிலேயே எடுத்துவிட்டால் இந்தக் கட்டத்தைத் தாண்டலாம்.

லெவல் கணக்குதான் புதியவர்களை அதிகம் எரிச்சலூட்டுவது. ஆரிஜின்ஸில் ஒவ்வொரு பகுதிக்கும் லெவல் நிலையானது. பெயருக்குப் பக்கத்தில் மண்டை ஓடு தெரிந்தால் திரும்பிவிடுங்கள், லெவல் ஏறிய பிறகு வந்தால் அதே ஆள் எளிதாக விழுவான். சாலையில் சுற்றும் 10 ஃபைலகிடாய் வேட்டையர்கள் ஆரம்பத்தில் உங்களை ஊதித் தள்ளிவிடுவார்கள். கண்ணில் பட்டதும் சாலையை விட்டு இறங்கி உயரமான புல்லுக்குள் போய்விடுவதே வழி. ஒடிஸியில் நீங்கள் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். அங்கேதான் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள்: ஒவ்வொரு லெவலுக்கும் கொல்லரிடம் போய்ப் பழைய வாளையும் கவசத்தையும் மேம்படுத்துவது. பத்து லெவல் தாண்டும் முன் இரும்பும் தோலும் தீர்ந்துவிடும், கப்பலுக்கு மரம் வாங்கப் பணம் இருக்காது. கிடைக்கும் புதுப் பொருளையே மாட்டிக்கொண்டு, பழையதை விற்காமல் உடைத்து மூலப்பொருளாக்குங்கள். மேம்பாட்டை லெஜண்டரி செட்டுக்கு மட்டும் வையுங்கள்.

ஒடிஸியில் கூலிப்படை துரத்தினால் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. வரைபடத்தைத் திறந்து, தலைக்கு விலை வைத்தவருக்கு ட்ரக்மா நாணயம் கொடுத்தால் அந்த நொடியே ஆபத்து நீங்கும். கோட்டைக்குள் பாதி வேலையில் இருக்கும்போது இது கைகொடுக்கும்.

ஆரிஜின்ஸில் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. முதலில் மறைகத்தி, அடுத்து மார்புக்கவசம். மறைகத்தி பலவீனமாக இருந்தால் பின்னாலிருந்து குத்தியும் கேப்டன் சாகமாட்டார், முகாமே விழித்துக்கொள்ளும். உள்ளே நுழைவதற்கு முன் செனு கழுகை மேலே விட்டு எல்லோரையும் குறித்துக்கொண்டு, எச்சரிக்கைத் தீச்சட்டியில் பொறி வைத்துவிடுங்கள். பற்றவைக்க வருபவரே சிக்குவார்.

இனி மெஷின். பரிந்துரைப் பட்டியலில் கிராபிக்ஸ் கார்டு ஆரிஜின்ஸுக்கு ஜிடிஎக்ஸ் 760, ஒடிஸிக்கு ஜிடிஎக்ஸ் 970. ரேம் இரண்டுக்கும் 8 ஜிபி. பழைய பிசி வைத்திருப்பவருக்கு இதுவே முடிவைச் சொல்லிவிடும். ஒடிஸியில் ஃபிரேம் (நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை) விழுந்தால் முதலில் குறைக்க வேண்டியது வால்யூமெட்ரிக் மேகங்கள். மற்ற எதைக் குறைத்தாலும் அவ்வளவு பலன் வராது. ஆரிஜின்ஸ் அலெக்ஸாண்ட்ரியாவில் திக்கினால் அது பெரும்பாலும் சிபியு பிரச்சினை, கிராபிக்ஸைக் குறைத்து ஆகப்போவது இல்லை. சென்னையின் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பில் ஆடுபவர்கள் ஃபிரேம் லிமிட்டை 45-க்கோ 30-க்கோ இறக்குங்கள். சூடேறித் தானாக வேகம் குறையும் சிப்பில் வரும் தடுமாறும் 60-ஐவிட நிலையான 45 எவ்வளவோ மேல். இரண்டு வருடம் ஆன லேப்டாப் என்றால் ரிச்சி தெருவில் கொடுத்துத் தூசு எடுத்து, தெர்மல் பேஸ்ட் மாற்றிவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். 2024 கடைசியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டில் இரண்டு கேமும் உறைந்துபோயின. இப்போது அப்படி நடந்தால் கேம் முழுதாக அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு பிஎஸ்4 டிஸ்க்கே போதும், டிஸ்க் டிரைவ் உள்ள மாடலாக இருந்தால். 60 ஃபிரேம் பேட்ச் ஒடிஸிக்கு 2021-இலும் ஆரிஜின்ஸுக்கு 2022-இலும் இலவசமாக வந்துவிட்டது. கடையில் பழைய டிஸ்க் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: கூடுதல் அத்தியாயங்கள் கோடாகத்தான் வரும், முந்தியவர் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் டிஸ்கவரி டூர். ரத்தம், சண்டை எதுவும் இல்லாமல் அதே ஊர்களைச் சுற்றலாம். ஆரிஜின்ஸில் 75 சுற்றுகள், ஒடிஸியில் 30. எண்ணிக்கையில் எகிப்துதான் பெரிது. ஆனால் ஒடிஸியில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வழிகாட்டி கேள்வி கேட்பார், பிள்ளைகள் அதற்காகவே கவனித்துக் கேட்பார்கள். தமிழ் சப்டைட்டில் இரண்டிலும் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.