சில்டெனாபில், டாடலாபில்: நெடுநாள் பயன்பாட்டில் எரிச்சலூட்டுவது எது?

"50 போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நேராக 100-க்குப் போய்விடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். விறைப்புக் குறைபாட்டுக்குச் சில்டெனாபில் போடுகிறவர்களில் பலர் கேட்கும் கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் அவரிடம் ஒன்று தெரிய வேண்டும்: அன்று சாப்பாடு எத்தனை மணிக்கு?

1998-ல் சந்தைக்கு வந்த மருந்து இது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தீராத தொல்லை, வயிற்றோடு அதற்கு இருக்கும் பகைதான். காலி வயிற்றில் விழுங்கினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. எண்ணெயும் கொழுப்புமாக மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு விழுங்கினால் அந்த உச்சம் இன்னொரு மணி நேரம் தள்ளிப்போகிறது. வந்து சேரும் உச்சமும் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. ஆக, 50 மி.கி. போட்டவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 35-க்கான வேகம், அதுவும் தாமதமாக. இவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டித் தூங்கப்போன பிறகு மருந்து விழித்துக்கொள்கிறது. அதைவிட மோசம், பொறுமை இழந்து இரண்டாவது மாத்திரையையும் போடுவது. முதலாவது வயிற்றில்தான் காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் தலைவலி, முகம் சிவப்பது, ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது எல்லாம் இரட்டிப்பாகும். 24 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரைதான். அன்று நடக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இதற்கு வழி, சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துப் போடுவது, அல்லது போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவது. இரவுச் சாப்பாட்டைக் கொழுப்பில்லாமல் கொஞ்சமாக முடித்துக்கொண்டால் தொல்லை பாதி குறையும். மது இதில் தனிச் சங்கடம். ஓரளவுக்கு மேல் போனால் விறைப்பையும் கெடுக்கும், அழுத்தத்தையும் இறக்கும். அந்தப் பழியும் மாத்திரைமேல்தான் விழுகிறது.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பும் உண்டு. இந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. கிளர்ச்சி வரும்போது ஆணுறுப்பின் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன. அதனால் உருவாகும் ஒரு வேதிப்பொருள் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தி ரத்தத்தை உள்ளே விடுகிறது. அந்த வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை மட்டுமே மாத்திரை தடுக்கிறது. முதல் கண்ணி தொடங்காவிட்டால் தடுப்பதற்கு எதுவுமில்லை. விழுங்கிவிட்டு, வருகிறதா வருகிறதா என்று பதற்றத்தோடு காத்திருந்தால் அந்தப் பதற்றமே குழாய்களை இறுக்கிவிடும். அதனால் சரியான முறையில், டாக்டர் சொன்ன அளவில், வெவ்வேறு நாட்களில் ஆறேழு முறையாவது போட்டுப் பார்க்காமல் தோல்வி என்று எழுதக் கூடாது. முதல் இரண்டு முறையை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களே அதிகம்.

இதே நொதியைத் தடுக்கும் இன்னொரு மாத்திரை டாடலாபில். சாப்பாட்டு விஷயத்தில் அது தங்கம். சாப்பாடு அதை ஒன்றும் செய்வதில்லை. தேவைக்குப் போடுகிறவர்களுக்கு 10 மி.கி. தொடக்கம், 20 உச்சம். பலன் 36 மணி நேரம் வரை நிற்கும். அந்த நேரம் முழுக்க விறைப்பு என்று பொருளில்லை, கிளர்ச்சி வந்தால் உடல் ஒத்துழைக்கும், அவ்வளவே. தினமும் போடுகிற வகையும் உண்டு: 2.5 அல்லது 5 மி.கி., ஒரே நேரத்தில். ஐந்து நாளில் ரத்தத்தில் அளவு நிலைத்துவிடும், கடிகாரத்தை மறந்துவிடலாம். எதிர்பாராத சந்தோஷமும் இதில் இருக்கிறது. புராஸ்டேட் வீக்கத்தால் ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறவருக்குச் சிறுநீர்த் தொல்லையும் குறையலாம். அந்த நோய்க்கே 5 மி.கி. தினசரி மருந்தாகத் தரப்படுகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குத் தினசரி வகை ஆகாது.

ஆனால் முதுகுவலி! போட்டு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இடுப்பிலும் தொடையிலும் ஒரு மந்தமான வலி சிலருக்கு வரும், இரண்டு நாளில் தானாகப் போகும். மறுநாள் வருவதால் மாத்திரையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மெத்தையை மாற்றுவார்கள், தைலம் தேய்ப்பார்கள். சில்டெனாபிலின் தொல்லைகள் வேறு: மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், அளவு கூடினால் பார்வையில் லேசான நீலச்சாயல். நீலச்சாயல் சில மணி நேரத்தில் மறையும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வசதி, அசௌகரியக் கணக்கு. உயிர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது, அது நைட்ரேட். நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு போன்ற நெஞ்சுவலி மருந்துகள் ஏதாவது எடுக்கிறவர் இந்த மாத்திரைகள் எதையும் தொடவே கூடாது. இரண்டும் ஒரே பாதையில் குழாய்களைத் தளர்த்துவதால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கும். நெஞ்சுவலிக்கான நிகோரான்டில், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கான ரியோசிகுவாட் எடுப்பவர்களுக்கும் தடை. பார்ட்டிகளில் முகரப்படும் அமைல் நைட்ரைட்டும் இதே குடும்பம். "இதய மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பலர் பொய் சொல்லும் எண்ணமில்லாமலே இல்லை என்பார்கள். தினமும் சாப்பிடுவதில்லைதான். ஆனால் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை ஒன்று சட்டைப்பையில் அவசரத்துக்காகக் கிடக்கும். கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

உறவின்போது நெஞ்சுவலி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நாக்கின் கீழ் மாத்திரை வைக்கக் கூடாது. ஆம்புலன்ஸை அழைத்து, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். சில்டெனாபில் என்றால் 24 மணி நேரமும் டாடலாபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட் தருவதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் வழக்கமான மருந்தையே கொடுத்துவிடக்கூடும். மயங்கிக் கிடந்தால் வாயால் சொல்ல முடியாது. மருந்தின் பெயரை எழுதி பர்ஸில் வைத்துக்கொள்வதில் ஒரு மானக்கேடும் இல்லை.

புராஸ்டேட்டுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ டாம்சுலோசின், பிராசோசின் மாதிரி மருந்து எடுக்கிறவர்கள் முதலில் அந்த மருந்தில் உடல் நிலைப்பட்ட பிறகு குறைந்த அளவில், சில்டெனாபில் என்றால் 25-ல், தொடங்குவது வழக்கம். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். 65 வயதைத் தாண்டியவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், கீட்டோகொனசோல் (பூஞ்சை மருந்து), எரித்ரோமைசின் (ஆன்டிபயாட்டிக்) எடுப்பவர்களுக்கும் 25-தான் தொடக்கம். எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு 48 மணி நேரத்தில் 25-க்கு மேல் கூடாது. கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் இதய டாக்டரைப் பார்க்காமல் ஆரம்பிக்கவே கூடாது. விறைப்பு நாலு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒரு கண்ணில் பார்வையோ காதில் கேட்பதோ சட்டென்று போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவு.

கோபம் வருவது மருந்தின்மேல் அல்ல, படிவத்தில் நாலு கட்டத்தை டிக் அடித்தால் மாத்திரையை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் விற்பனையின்மேல். ஆணுறுப்பின் தமனி ஒன்றிரண்டு மி.மீ. அகலம்தான், இதயத்துத் தமனி மூன்று நாலு. அடைப்பு முதலில் தெரிவது சிறிய குழாயில். பலருக்கு நெஞ்சுவலிக்குச் சில வருடம் முந்தி விறைப்புக் குறைபாடு வருவது இதனால்தான். பிபி, சுகர், கொழுப்பு, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் இவற்றைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் நீட்டுகிறவர், புகை வருகிறது என்று அலாரத்தைக் கழற்றுகிறவர். 'மூலிகை வீரியம்' என்று விற்கும் உருண்டைகள் இன்னும் மோசம். சோதனைகளில் பலவற்றில் சொல்லாமல் கலந்த சில்டெனாபில் கிடைத்திருக்கிறது. நைட்ரேட் எடுக்கும் ஒருவர் அதை இயற்கை மருந்து என்று நம்பி விழுங்கினால்?

எது நல்லது என்றால், எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் டாடலாபில்தான் ஜெயிக்கிறது. சாப்பாட்டுக் கவலை இல்லை, அவசரம் இல்லை, சிறுநீருக்கும் நல்லது. இருந்தும் இன்றைக்கு ஒன்றைச் சொல்லச் சொன்னால் சில்டெனாபில்தான் வாயில் வருகிறது. அதன் பாதி நாலு மணி நேரத்தில் ரத்தத்தை விட்டு வெளியேறிவிடும். டாடலாபிலின் பாதி போக 17 மணி நேரத்துக்கு மேல். ஒத்துக்கொள்ளாத மருந்து உடம்பில் இரண்டு நாள் குடியிருப்பதைவிட, வயிற்றோடு சண்டை போட்டுவிட்டு விடிவதற்குள் கிளம்பிவிடும் மருந்து மேல். நாளைக்கு நெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் பதில் மாறலாம்.

நண்பருக்கு: 100-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதே 50-ஐச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, வெவ்வேறு நாட்களில் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால் அளவைக் கூட்டுவது டாக்டர் வேலை. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் அள்ளிக்கொண்டு போங்கள், சட்டைப்பையில் இருப்பதையும் சேர்த்து.