கர்ப்பிணி கிளினிக்கில் ஃப்ளூ ஊசி வகுப்பு: ஏன் என்பது தெளிவு, எங்கே என்பதுதான் இல்லை

ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கர்ப்பிணிகளுக்குக் கேட்காமலே கிடைக்கும். கிளினிக்கில் மிஸ் (குடும்பநல மாது) தேதி பார்த்துப் போட்டு, அட்டையிலும் எழுதிவிடுவார். ஃப்ளூ ஊசி அப்படியில்லை. வழக்கமான அட்டவணையில் அது இல்லாததால் வெளியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆகவே அதைப் பற்றி நடத்தும் வகுப்பு, ஊசியின் நன்மையைச் சொன்னால் மட்டும் போதாது, ஊசி இருக்கும் இடம் வரை தாயைக் கொண்டுபோய் விட வேண்டும். மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு கர்ப்பிணி கிளினிக்கில் நடக்கும் அரைமணி நேர வகுப்பை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறோம்.

முதல் பாதிக்குக் குறை சொல்ல இடமில்லை. குடும்பநல மாது பிள்ளையிலிருந்து தொடங்குகிறார். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், பிறந்த முதல் மாதங்களில் அதுதான் காவல். இதைக் கேட்டதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்கிறார்கள். பிறகுதான் தாயின் உடம்புக்கு வருகிறார்: கருப்பை மேலெழும்ப நுரையீரலுக்கு இடம் குறையும், இதயத்துக்கு வேலை கூடும், நோய் எதிர்ப்பும் மாறும். மற்றவர்களுக்கு ஒரு கிழமைக் காய்ச்சலாகப் போவது கர்ப்பிணிக்கு நியுமோனியாவில் முடியலாம். 2009இல் எச்1என்1 உலகம் முழுக்கப் பரவியபோது இது நன்றாகத் தெரிந்தது. கர்ப்பிணிகளை முன்னுரிமைப் பட்டியலின் உச்சியில் வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்னது. எத்தனையாவது மாதம் என்றாலும் போடலாம்.

"வயித்துப் புள்ளைக்கு ஒண்டும் செய்யாதா மிஸ்?" என்ற கேள்வி வராத நாள் இருக்காது. பதில் நேராக வருகிறது: கர்ப்பிணிக்குப் போடுவது செயலிழக்கச் செய்த கிருமி, அதனால் ஃப்ளூவை உண்டாக்க ஏலாது. போட்ட கை ஓரிரு நாள் உளையும், சிலருக்கு லேசாகச் சுடும். பனடோல் போதும், புரூஃபன் வகை மாத்திரைகளை டொக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. ஊசி போட்டும் தடிமன் பிடித்தது என்பவர்களுக்கும் விளக்கம் இருக்கிறது. பாதுகாப்பு வர இரண்டு கிழமை பிடிக்கும், வேறு தடிமன் கிருமிகளை இந்த ஊசி தடுக்காது. முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத் தாய்மார், மருந்தில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்பதையும் மழுப்பவில்லை: பன்றி ஜெலட்டின் இருப்பது மூக்கில் அடிக்கும் வகையில், அது உயிருள்ள கிருமி என்பதால் கர்ப்பிணிகளுக்கு எப்படியும் கிடையாது. ஊசி மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்க்கலாம்.

ஒரு தகவல் மட்டும் பழசு. முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் போடக்கூடாது என்கிறார்கள். இப்போதைய வழிகாட்டல்களில் முட்டை ஒவ்வாமை மட்டும் தடையாக இல்லை. முன்பு ஃப்ளூ ஊசிக்கே மூச்சுமுட்டல் போன்ற கடும் ஒவ்வாமை வந்தவர்தான் தவிர்க்க வேண்டும்.

சுவரில் இருக்கும் போஸ்டரைக் கழற்றிவிடலாம். கம்பளித் தொப்பியும் கழுத்துச் சால்வையுமாக ஒரு வெள்ளைக்காரத் தாய். கீழே "பனிக்காலத்துக்கு முன் போடுங்கள்". மட்டக்களப்பு வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கிறது. சிரிப்பு ஒருபக்கம் இருக்க, தகவலும் நமக்குப் பொருந்தாது. இலங்கையில் ஃப்ளூ பொதுவாக ஏப்ரல் முதல் ஜூன் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் கூடும். இரண்டாவது நமக்கு அடைமழைக் காலம். ஒக்டோபருக்குள் போட்டால் மழைக்கு முன் சக்தி வந்துவிடும். ஆனால் டிசம்பரில் கேட்பவரை "இனி அடுத்த முறை" என்று அனுப்பக்கூடாது. தவறவிட்டவர் கேட்ட அன்றே போடலாம்.

"பிரைவேட்டில் போடலாம்" என்ற ஒரு வரியோடு வகுப்பு முடிகிறது. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். ஃப்ளூ கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் மருந்தும் ஆண்டுக்காண்டு மாறும். உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று அறிவிக்கும். பெட்டியில் "2025/2026" என்று இரட்டை ஆண்டு இருந்தால் வட அரைக்கோள மருந்து, ஒற்றை ஆண்டு இருந்தால் தென் அரைக்கோளம். எது என்றாலும் நடப்புப் பருவத்தினதாக, காலாவதி ஆகாததாக இருக்க வேண்டும். முந்திய மருந்தில் நான்கு கிருமிகள் இருந்தன. பி யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதிப்படாததால் இப்போது மூன்றாகக் குறைத்திருக்கிறார்கள். மூன்று என்று கண்டு மலிவு மருந்தோ என்று மலைக்க வேண்டாம்.

இன்னொன்று குளிர். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. ஃபாமசியில் வாங்கி மண்டூர், வெல்லாவெளிப் பக்கம் கொண்டுபோய் ஊர் டொக்டரிடம் போடுவதென்றால் இங்குதான் பிழைக்கும். சூட்டுக்குப் பயந்து ஐஸ் பொதியின் மேல் நேராக வைக்கிறார்கள். மருந்து உறைந்துபோனால் உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது, பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. இடையில் தடித்த துணி வேண்டும். மருந்தை வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. விலை இடத்துக்கு இடம் மாறும். மருந்து இருக்கிறதா, போடவும் தனிக்காசா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள்.

போடுவது 0.5 மில்லிலீற்றர், மேல் கைத் தசையில். ஏற்பு ஊசி அன்றே இருந்தால் மற்றக் கையில் போடலாம். லேசான தடிமன் தடையில்லை. கடும் காய்ச்சல் என்றால் தள்ளிப் போடலாம். பிறகு 15 நிமிடம் இருந்துவிட்டு எழும்ப வேண்டும். மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், தேதி மூன்றையும் கர்ப்பிணி அட்டையில் எழுதுவித்தாக வேண்டும். வெளியில் போடுவதால் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம் என்பதை வகுப்பில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் பக்கம் டெங்குவும் இருப்பதால் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் முதல் 48 மணிநேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சு வாங்கினாலோ பிள்ளைத் துடிப்புக் குறைந்தாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ்தான்.

யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதையும் மாற்ற வேண்டும். இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம், அதனால் பிள்ளைத்தாச்சி விசயத்தில் செல்லுபடியாவது பெண்ணின் தாய் பேச்சு. அந்த அம்மாவும் உம்மாவும் வெளி வாங்கில் பையோடு காத்திருக்கிறார்கள். "புள்ளத்தாச்சிக்கு எதுக்குக் கண்ட ஊசியெல்லாம்" என்று வீட்டில் அவர்கள் சொன்னால், உள்ளே கேட்ட அரைமணியும் போயிற்று.

போக வேண்டிய வகுப்புத்தான். உங்கள் தாயையும் கூட்டிப்போய், கேட்டு உள்ளே இருத்துங்கள். முன் வரிசையில் இடம் பிடியுங்கள். பின்னால் ஃபேன் சத்தத்தில் மிஸ் பேசுவது பாதிதான் கேட்கும்.