ஸ்டான்லி றோட்டுப் பக்க பெயின்ற் மிக்ஸிங் கடை, நம்பிப் போகலாம்

என்ர ரொயோட்டா விற்ஸ் காரின்ர பம்பருக்கு பெயின்ற் வாங்கப் போனனான், சில்வர் எண்டவுடன டின்னைத் தூக்கித் தராம அந்த அண்ணை வெளிய வந்து பொனற்றைத் திறக்கச்சொல்லி உள்ள இருக்கிற கார் விபரம் அடிச்ச பிளேற்றைத் துணியால துடைச்சு சீ/டிஆர் எண்ட வரியில 1எஃப்7 இருக்கிறதைக் காட்டினவர், முதல் இருக்கிறதுதான் கலர் கோட், அடுத்தது உள் சீற் கலரின்ரயாம். யப்பான் உள்ளூர்ப் பாவனைக் காருகளில அந்தப் பிளேற்றில 17 எழுத்து வாகன அடையாள நம்பர் (விஐஎன்) இராது, கேஎஸ்பி90 எண்டு தொடங்கிற சேசி நம்பர்தான், அதுக்கு ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. கோட் சரியெண்டாலும் வெயில்ல மங்கின பெயின்ற்றுக்கு அப்பிடியே ஒத்துவராது எண்டு பெற்றோல் மூடியைக் கழட்டி வச்சுப் பாத்துப் பாத்துக் கலந்தவர், உண்மையா நல்ல வேலை. விலை கொஞ்சம் கூடத்தான். சனிக்கிழமை போகாதேங்கோ, சரியான சனம்.