மாநில நீதிபதி: உட்காரவைப்பது யார், எழுப்பிவிடுவது யார்?

அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதிகளை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புக்கொள்ளும், பிறகு ஆயுள் முழுக்கப் பதவி. மாநில உச்ச நீதிமன்றங்களுக்கோ ஆளுக்கொரு வழி. ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நீதிபதி எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்றே பார்க்கிறார்கள். பதவிக்காலம் முடிகையில் அவர் யார் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

வட கரோலினாவில் வேட்பாளர் பெயரோடு கட்சிப் பெயரும் வாக்குச்சீட்டில் இருக்கும். பதவி 8 ஆண்டு. ஒளிவுமறைவு இல்லை என்பது இதன் பலம். பலவீனத்துக்கு ஒரே ஒரு வழக்கு போதும். தொகுதி எல்லைகளைக் கட்சி லாபத்துக்காக வளைப்பது மாநில அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 4–3 என்று தீர்ப்பளித்தது. நவம்பர் தேர்தலில் அந்த நீதிமன்றத்தில் குடியரசுக் கட்சிக்கு 5–2 பெரும்பான்மை கிடைத்தது. 2023 ஏப்ரலில் அதே வழக்கை மறுபடி விசாரித்து முந்தைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். அரசியலமைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 2024இல் இன்னொரு கூத்து: அதே நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கான தேர்தலில் 734 வாக்கில் தோற்றவர் 65,000க்கும் மேற்பட்ட வாக்குகளை எதிர்த்து வழக்குப் போட, முடிவு 2025 மே வரை இழுத்தது.

விஸ்கான்சினில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. 10 ஆண்டுப் பதவி, ஏப்ரலில் தேர்தல், ஓர் ஆண்டில் ஓர் இடத்துக்கு மேல் போட்டி கூடாது. காகிதத்தில் அழகான ஏற்பாடுதான். ஆனால் மொத்தம் 7 இடம் என்பதால், ஒற்றை இடமே பெரும்பான்மையைத் தீர்மானிக்கிற ஆண்டில் நாட்டுப் பணமெல்லாம் அங்கே வந்து கொட்டுகிறது. 2025இல் சூசன் கிராஃபோர்ட் – பிராட் ஷிமெல் போட்டிக்குச் செலவு சுமார் 10 கோடி டாலர். கட்சிப் பெயரை எடுத்ததில் நடந்தது இதுதான்: விஷயம் தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாத வாக்காளர் விளம்பரத்தை நம்பிப் போடுவார். எங்கள் கணக்கில் வட கரோலினாவைவிட இது மோசம்.

செலவழித்தவரின் வழக்கே அந்த நீதிபதியிடம் வந்தால்? மேற்கு வர்ஜீனியாவில் வந்தது. நிலக்கரி நிறுவனத் தலைவர் ஒருவர் 30 லட்சம் டாலர் செலவழித்து ஆதரித்த நீதிபதி, அந்த நிறுவனத்தின் 5 கோடி டாலர் வழக்கில் அமர்ந்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2009இல் 5–4 என்று சொன்னது. எவ்வளவு பணம் என்றால் விலகவேண்டும் என்பதற்குக் கோடு எதையும் போடவில்லை.

மிசௌரி 1940இல் வேறு வழிக்குப் போனது. ஏழு பேர் குழு: வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுத்த 3 வழக்கறிஞர்கள், ஆளுநர் நியமித்த 3 பொதுமக்கள், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒருவர். குழு 3 பெயர் தரும். ஆளுநர் 60 நாளில் ஒன்றை எடுக்காவிட்டால் குழுவே நியமிக்கும். குறைந்தது ஓராண்டு பணி முடிந்த பிறகு வரும் பொதுத்தேர்தலில் வாக்காளரிடம் ஒரே கேள்வி: இவர் தொடரலாமா, ஆம் அல்லது இல்லை. எதிர்வேட்பாளர் கிடையாது. தேறினால் 12 ஆண்டு.

இதுவரை பார்த்தவற்றில் இது உருப்படியானது. ஆனாலும் ஆம்–இல்லை வாக்கு ஆபத்தில்லாதது என்று நினைக்கவேண்டாம். அயோவாவும் இதே பாணிதான். அங்கே 2009இல் ஒருபாலினத் திருமணத்தை ஏற்று ஏழு பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2010இல் வாக்குக்கு வந்த மூவரும் வீட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு அப்படியே நின்றது. எதிர்வேட்பாளர் இல்லாததால் பதிலுக்குப் பிரச்சாரம் செய்ய நீதிபதியிடம் ஆள்பலமும் இல்லை, பணமும் இல்லை.

நியூ ஜெர்சியில் தேர்தலே இல்லை: ஆளுநர் நியமனம், மாநில செனட் ஒப்புதல், 7 ஆண்டு கழித்து மறுநியமனம் கிடைத்தால் 70 வயது வரை. மறுநியமனம் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். 2010இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி நீதிபதி ஜான் வாலஸுக்கு அதைக் கொடுக்கவில்லை. 1947 அரசியலமைப்புக்குப் பிறகு அது முதல் தடவை.

குழு வடிகட்டித் தருவதும், பிறகு யாரிடமும் போய் நிற்காமல் இருப்பதும் சேர்ந்து வேண்டுமென்றால் ரோட் ஐலண்டைப் பார்க்கலாம். அங்கே குழுவின் பட்டியலிலிருந்து ஆளுநர் எடுப்பார், இரு அவைகளும் ஒப்பவேண்டும், அதன்பின் ஆயுள் பதவி. ஓய்வு வயதுகூட இல்லை. தள்ளாத வயதிலும் எழ மறுக்கிறவரை என்ன செய்வது என்பது அவர்கள் தலைவலி.